125ஆம் ஆண்டு மலரில் அந்தப் பக்கம் தேவையா?

கேள்வி: நான் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். தூத்துக்குடி கத்தோலிக்க மறைமாவட்டத்தில் ஒரு கிராமப் பங்கில் (ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பில் உள்ள ஆலயச் சமூகத்தில்) பேரவைச் செயலாளராக இருக்கிறேன். எங்கள் ஆலயத்துக்கு இது 125ஆம் ஆண்டு. விழா மலரில் பங்கு வரலாறு எழுதும் பொறுப்பு என்னுடையது. வரலாற்றுக்குப் பக்கத்திலேயே ‘சிறார் பாதுகாப்பில் எங்கள் பங்கின் உறுதிமொழி’ என்று ஒரு பக்கம் வர வேண்டும் என்கிறார் புதிதாக வந்திருக்கும் பங்குத்தந்தை. “நம்ம ஊர்ல என்ன நடந்துச்சுன்னு இதப் போடணும்? படிக்கிறவன் ஏதோ நடந்திருக்குன்னு நினைக்க மாட்டானா?” என்று பேரவையில் பெரியவர்கள் கொதிக்கிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. வரலாறு கேட்கப் போன இடத்தில், 80 வயதைத் தாண்டிய அம்மா ஒருவர் என்னிடம் ஒன்று சொன்னார். 1980களில் இங்கே பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்தவரை ஒரே ராத்திரியில் ஊரைவிட்டு அனுப்பினார்களாம். காரணம் ஒரு சின்னப் பெண் என்றார். அந்தப் பாட்டு வாத்தியார் இறந்து பல வருடம் ஆகிறது. ஆனால் 100ஆம் ஆண்டு மலரில் அவருக்குப் படத்தோடு அரைப் பக்கம் புகழுரை இருக்கிறது. அதை அப்படியே இந்த மலரிலும் எடுத்துப் போடச் சொல்கிறார்கள். என்ன செய்யட்டும்? இனி ஏதாவது ஒரு பிள்ளை எங்களிடம் வந்து இப்படிச் சொன்னால், முதலில் பங்குத்தந்தையிடம் சொல்ல வேண்டுமா, போலீசிடமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: சார், தலைமையாசிரியராக இருந்தவரை வேறு எப்படியும் கூப்பிட எனக்கு வராது. கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மற்ற இரண்டிலும் யோசிக்க இடமுண்டு, இதில் இல்லை.

போலீசிடம்தான். அல்லது குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு. பங்குத்தந்தையிடமும் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் அவரிடம் சொன்னதோடு உங்கள் கடமை முடிந்துவிடாது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்க 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, 18 வயதுக்குட்பட்ட ஒருவருக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்த எவரும், நடக்கக்கூடும் என்ற அச்சம் உள்ள எவரும், சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ தகவல் தர வேண்டும் என்கிறது. ‘எவரும்’ என்றால் உபதேசியார், மறைக்கல்வி ஆசிரியை, பேரவைச் செயலாளர் எல்லோரும். சொல்லாமல் இருந்தால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழே வேலை செய்கிறவர் செய்த குற்றத்தை மறைத்தால் ஒரு வருடம் வரை சிறையும் அபராதமும். நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மீது சிவில் வழக்கும் வராது, கிரிமினல் வழக்கும் வராது. அதையும் அதே 19ஆம் பிரிவு சொல்கிறது. “நிரூபிக்க முடியலன்னா நம்மள உள்ள வச்சிருவாங்களே” என்று பயப்படுகிறவர்களுக்கு அந்த வரியைக் காட்டுங்கள். நிரூபிப்பது உங்கள் வேலையே இல்லை.

குருவானவரிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தின் ரகசியம் என்னாகும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது கேட்பார்கள். அது குருவானவருக்கும் திருச்சபைச் சட்டத்துக்கும் இடையே உள்ள விஷயம். பாட்டுப் பயிற்சி முடிந்து வாசற்படியில் செருப்பு மாட்டிக்கொண்டே ஒரு பிள்ளை உங்களிடம் சொல்வது பாவசங்கீர்த்தனம் இல்லை.

இந்த விஷயத்தில் பங்குகளில் நடக்கிற பெரிய தப்பு, மறைப்பதுகூட இல்லை. விசாரிப்பது. போக்சோ நீதிமன்றத்தில் குழந்தைகள் தரப்பில் வாதாடுகிறவள் என்ற முறையில் சொல்கிறேன், நல்ல மனதோடு நடத்தப்பட்ட ஊர் விசாரணை கெடுத்த வழக்குகளை நான் பார்த்திருக்கிறேன். ஒரு வழக்கில் பிள்ளை முதலில் அம்மாவிடம் சொன்னாள். அம்மா, பங்கில் அக்கம்பக்கக் குடும்பங்களின் குழுவான அன்பியத்தின் பொறுப்பாளரிடம் கூட்டிப்போனார். அவர் நாலு பெரியவர்களை உட்கார வைத்து மறுபடி சொல்லச் சொன்னார். பிறகு அந்த ஆளையே வரவழைத்து, அவன் முன்னால் இன்னொரு தடவை. ஒவ்வொரு தடவையும் குழந்தை ஒரு விவரத்தை விட்டுச் சொன்னது, இன்னொன்றைச் சேர்த்துச் சொன்னது. ஒன்பது வயதுப் பிள்ளை வேறெப்படிச் சொல்லும்? இதற்குள் மூன்று நாள் போய்விட்டது, உடுத்தியிருந்த துணியையும் துவைத்துக் காயப்போட்டாகிவிட்டது. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? இத்தனைக்கும் அந்தப் பெரியவர்களில் ஒருவர்கூடக் குற்றவாளியைக் காப்பாற்ற நினைத்தவர் இல்லை.

அதனால் பிள்ளை சொல்வதைக் கேளுங்கள். குறுக்குக் கேள்வி வேண்டாம். “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று சத்தியம் செய்து கொடுக்காதீர்கள், அந்தச் சத்தியத்தை நீங்கள் காப்பாற்ற முடியாது. பிள்ளை பயன்படுத்திய அதே வார்த்தைகளில், தேதியும் நேரமும் போட்டு எழுதி வையுங்கள். நீங்கள் திருத்திய தமிழில் வேண்டாம். தலைமையாசிரியர்களுக்குப் பிழை திருத்தாமல் இருப்பது கஷ்டம், தெரியும். அப்புறம் போன் செய்யுங்கள். பிள்ளையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ வைத்து, முடிந்தவரை சப்-இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வந்து பதிவு செய்ய வேண்டும் என்று 24ஆம் பிரிவு சொல்கிறது. “ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டு வாங்க” என்று யாராவது சொன்னால் அந்தப் பிரிவின் எண்ணை மரியாதையாக ஞாபகப்படுத்துங்கள்.

சரி, மலருக்கு வருவோம்.

பெரியவர்கள் சொல்வதை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். திருவிழாப் பந்தலில் மருத்துவமனைப் பேச்சு எதற்கு என்பது மாதிரியான சங்கடம் அது. ஆனால் அவர்களிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். உங்கள் ஊரில் தேர்ப்பவனி அன்று மின்வாரியத்துக்குச் சொல்லி மேல்கம்பியில் மின்சாரத்தை நிறுத்துகிறீர்களா, இல்லையா? தீயணைப்பு வண்டியை நிறுத்தி வைக்கிறீர்களா? அதைப் பார்த்து, இந்த ஊரில் போன வருடம் தேர் எரிந்தது போலிருக்கிறது என்று யாரும் நினைப்பதில்லை. பொறுப்பான ஆட்கள் என்றுதான் நினைக்கிறார்கள்.

‘இங்கே எதுவும் நடக்கவில்லை’ என்பதற்கு அந்தப் பெரியவர்களிடம் ஆதாரம் என்ன? எதுவும் எழுதப்படவில்லை என்பதுதானே. அந்த அம்மா சொன்னதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவரை ராத்திரியோடு ராத்திரியாக அனுப்பினார்கள், ஏன் என்று எந்த நோட்டிலும் ஒரு வரி எழுதவில்லை. சில வருடங்கள் கழித்து மலர் போட்டவர்கள் பழைய நோட்டைப் புரட்டியிருப்பார்கள். பாட்டு வாத்தியார், நல்ல குரல், இத்தனை வருடம் சேவை என்று மட்டும் இருந்திருக்கும். அரைப் பக்கம் புகழ்ந்துவிட்டார்கள். எழுதாமல் விட்ட ஒரு வரியால் வந்த அரைப் பக்கம் அது. அதனால்தான் உங்கள் பங்குத்தந்தை வரலாற்றுக்குப் பக்கத்திலேயே உறுதிமொழியை வைக்கச் சொல்வது எனக்குச் சரியாகப் படுகிறது. நடந்ததை நடந்தபடி எழுதி வைப்போம் என்பதில்தான் இரண்டுமே நிற்கின்றன.

பங்கு வரலாறு என்ற பெயரில் என் மேசைக்கு வந்த மலர்கள் பலவற்றைச் சிமென்ட் வரலாறு என்றுதான் சொல்ல வேண்டும். இவர் கோபுரம் கட்டினார், இவர் கெபி கட்டினார், இவர் மைக் செட் வாங்கினார், இவர் காலத்தில் தரைக்கு டைல்ஸ் போட்டோம். மணியின் எடை கிலோக் கணக்கில் இருக்கும். அந்த மணியை அடித்த ஆளின் பெயர் இருக்காது, பெண்கள் இருக்க மாட்டார்கள், பிள்ளைகள் முதல் நன்மை வாங்கிய குரூப் போட்டோவில் வெள்ளை உடுப்பில் நிற்பதோடு சரி. உங்கள் ஆலயம் 1900 வாக்கில் எழும்பியது என்றால் அன்று தூத்துக்குடி மறைமாவட்டமே கிடையாது. அது 1923இல் வந்தது. அதற்கு முன் திருச்சி. அந்தக் கால இயேசு சபைக் குருக்களின் கடிதங்களையும் குறிப்புகளையும் கொடைக்கானலுக்குப் பக்கத்தில் செண்பகனூரில் இருக்கும் சபை ஆவணக் காப்பகத்தில் கேட்டுப் பாருங்கள். திருமுழுக்குப் பதிவேட்டையும் இறப்புப் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். எந்த வருடம் குழந்தைகள் கொத்தாகச் செத்தார்கள் என்பது தெரியும். அதுவும் உங்கள் பங்கின் வரலாறுதான்.

கசப்பானதை எழுதினால் பங்கின் பெயர் கெட்டுவிடும் என்பவர்களுக்கு உங்கள் மறைமாவட்டத்திலேயே பதில் இருக்கிறது: வடக்கன்குளம். தேவசகாயம் பிள்ளை 1745இல் திருமுழுக்குப் பெற்ற ஊர். 2022இல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தபோது எல்லோரும் பெருமையோடு சொன்ன ஊர். அதே ஊரில்தான் 1872இல் எழும்பிய கோயிலை இரண்டு நடுக்கூடங்களாகப் பிரித்துக் கட்டினார்கள், பீடத்தில் மட்டும் ஒன்று சேரும்படி. வேளாளருக்கு ஒரு பக்கம், நாடாருக்கும் மற்றவர்களுக்கும் இன்னொரு பக்கம். பீடத்தில் நிற்கும் சாமியாருக்கு இரண்டு பக்கமும் தெரியும், மக்களுக்கு ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. அங்கே பங்குத்தந்தையாக இருந்த கௌசானல் அடிகளார் காலத்தில், 1910இல், அந்தத் தடுப்பை இடித்தார்கள். எதிர்த்தவர்கள் திருச்சி ஆயரை எதிர்த்துச் சென்னை உயர்நீதிமன்றம் வரை போனார்கள். தனி இடம் கேட்கும் சாதி உரிமையை நீதிமன்றம் ஏற்கவில்லை. இந்தச் சுவர்க் கதையை இன்று ஆராய்ச்சியாளர்கள் எழுதுகிறார்கள், சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள். வடக்கன்குளத்துக்கு ஜனங்கள் வருவது அதனால் நின்றுவிட்டதா?

ஆனால் சார், அந்தப் பாட்டு வாத்தியார் விஷயம் வடக்கன்குளத்துச் சுவர் மாதிரி இல்லை. சுவருக்குக் கட்டடம் இருந்தது, வழக்குப் பதிவு இருந்தது. உங்களிடம் இருப்பது ஒரு மூதாட்டியின் நினைவு மட்டும். அதை நான் நம்புகிறேனா என்றால், நம்பத்தான் தோன்றுகிறது. ராத்திரியோடு அனுப்புவது என்பது அந்தக் காலத்தில் தெரிந்த ஒரே வைத்தியம். நோயை அடுத்த ஊருக்கு அனுப்பும் வைத்தியம். ஆனால் நம்புவது வேறு, அச்சடிப்பது வேறு. மலரில் குற்றச்சாட்டை எழுதாதீர்கள். இறந்தவரைப் பற்றி அவருடைய குடும்பத்தார் மனம் புண்படும் நோக்கத்தோடு எழுதினால் அவதூறு வழக்குக்கு இடமுண்டு. அதைவிட முக்கியம், சின்ன ஊரில் “1980களில் ஒரு சிறுமி” என்று எழுதினாலே யார் என்று திண்ணைக்குத் திண்ணை கண்டுபிடித்துவிடுவார்கள்.

புகழுரையையும் போடாதீர்கள். இதில் நான் உறுதியாக இருக்கிறேன். அந்தச் சின்னப் பெண்ணுக்கு இப்போது ஐம்பது வயதுக்கு அக்கம்பக்கம் இருக்கும். கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஜூபிலிக்கு வரலாம். அசன விருந்துக்கு வரிசையில் நிற்கும்போது யாரோ கையில் மலரைக் கொடுப்பார்கள். அவர் பிரிக்கிற பக்கத்தில் அந்த முகம் இருக்கக் கூடாது. பேரவையில் காரணம் விளக்க வேண்டிய கட்டாயமும் உங்களுக்கு இல்லை. பழைய மலரின் புகழுரைகள் எதையும் மறுபதிப்புச் செய்வதில்லை, பணியாளர்கள் எல்லோரையும் பெயர், ஆண்டு மட்டும் போட்டுப் பட்டியலாகத் தருகிறோம் என்று பொது முடிவாக வைத்துவிடுங்கள். பக்கமும் மிச்சமாகும், அச்சகச் செலவும் குறையும். பெரியவர்கள் இந்தக் காரணத்தை உடனே ஒத்துக்கொள்வார்கள் பாருங்கள்.

அந்த அம்மா சொன்னதை மலருக்கு வெளியே பதிவு செய்யுங்கள். அவர் சம்மதித்தால் அவர் சொன்னபடியே எழுதி, கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி, பங்குத்தந்தை மூலமாக ஆயர் இல்லத்துக்கு மூடிய உறையில் அனுப்புங்கள். நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும். 2019 மே மாதம் போப் பிரான்சிஸ் கொண்டுவந்த விதி, இப்படிப்பட்ட புகார்களைக் கொடுக்க ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் மக்கள் எளிதில் அணுகக்கூடிய ஏற்பாடு இருக்க வேண்டும் என்கிறது. குருக்கள், துறவியர் மீதான புகார்களுக்காக எழுதப்பட்ட விதிதான் அது. ஆனாலும் கதவு திறந்திருக்கிறது, பயன்படுத்துங்கள். புகார் சொன்னவரை வாய் திறக்காதே என்று கட்டுப்படுத்தக் கூடாது என்றும், நாட்டின் சட்டப்படி செய்ய வேண்டியதை இந்த விதி தடுக்காது என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. இறந்துபோனவர் மீது கிரிமினல் வழக்கு நடத்த முடியாது. போக்சோவும் 2012க்கு முன் நடந்ததற்குப் பொருந்தாது. ஆனால் அவர் இங்கிருந்து எந்த ஊருக்குப் போனார், அங்கேயும் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்தாரா என்று பார்க்க வேண்டியவர்கள் ஆயர் இல்லத்தில் இருக்கிறார்கள். அந்தப் பெண்ணைத் தேடிக்கொண்டு மட்டும் போகாதீர்கள். அவராக வந்தால் கதவைத் திறந்து வையுங்கள், அவ்வளவுதான். அந்த ஆள் உயிரோடு எங்காவது பிள்ளைகள் நடுவில் இருந்திருந்தால் நான் இவ்வளவு நிதானமாக எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

கடைசியாக, அந்த உறுதிமொழிப் பக்கம். “சிறார் இறைவனின் கொடை” என்று தொடங்கி ஒரு பக்கம் முழுக்க நல்ல தமிழில் எழுதி முடித்துவிடுவார்களோ என்பதுதான் என் பயம். போன வருடம் ஒரு பங்கில் மறைக்கல்வி ஆசிரியர்களுக்கு வகுப்பெடுக்கப் போயிருந்தேன். சிறார் பாதுகாப்புக் கொள்கை இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்று பெருமையாகக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். அழகாக லேமினேட் செய்து, கதவுக்குப் பின்னால், கோயில் கூட்டும் முறைப் பட்டியலுக்குக் கீழே தொங்கியது. கதவு திறந்திருந்தால் கண்ணிலேயே படாது. கோயில் கதவு எப்போதும் திறந்துதானே இருக்கும். கீழே ஒரு செல் எண். அங்கேயே நின்று போட்டுப் பார்த்தேன். உபயோகத்தில் இல்லை என்று பதிவுக் குரல் வந்தது. அது இரண்டு வருடம் முன்பே மாற்றலாகிப் போன சாமியாரின் எண்.

ஆகவே அந்தப் பக்கத்தில் முதலில், பிள்ளைகள் போய்ச் சொல்ல வேண்டியவர்களின் பெயர்கள் வரட்டும். இரண்டு பேர், ஒருவராவது பெண், ஒருவராவது பங்கில் சம்பளம் வாங்காதவர், சாமியாருக்கோ பேரவைத் தலைவருக்கோ சொந்தக்காரர் இல்லாதவர். கிராமத்தில் இது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். பக்கத்துப் பங்கிலிருந்து ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். அப்புறம் 1098, காவல் நிலைய எண், ஆயர் இல்லத்தில் இதற்கென்று இருக்கும் தொடர்பு எண்.

அதற்குக் கீழே உங்கள் பங்கில் நிஜமாக நடக்கிற விஷயங்களை எழுதுங்கள். பீடச்சிறுவர்களை வேளாங்கண்ணிக்கு வேனில் கூட்டிப்போனால் எத்தனை பெரியவர்கள் போவது, ராத்திரி யார் எங்கே படுப்பது. பாட்டுப் பயிற்சி எத்தனை மணிக்கு முடியும், கரண்ட் போனால் பிள்ளைகளை என்ன செய்வது. பூசை உடை மாற்றும் அறையில் ஒரு பிள்ளையும் ஒரு பெரியவரும் தனியாக இருந்தால் கதவு திறந்திருக்க வேண்டும் என்பது. இளையோர் இயக்கப் பொறுப்பாளர் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தனியாக வாட்ஸ்அப் அனுப்பக் கூடாது, குழுவில்தான் போட வேண்டும் என்பது. பத்து நாள் திருவிழாவில் பிள்ளை தொலைந்தால் யாரிடம் கொண்டுபோய் விடுவது. புதிதாகப் பாட்டு சொல்லிக்கொடுக்க ஒருவர் வந்தால், அவர் முன்பு இருந்த பங்கில் கேட்காமல் சேர்ப்பதில்லை என்பது. 1980களில் அடுத்த ஊர்க்காரர்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. காவல்துறை சரிபார்ப்புச் சான்றை இப்போது தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலேயே விண்ணப்பித்து வாங்கலாம். பங்கில் விடுதி இருந்தால், 2014ஆம் ஆண்டு விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி உரிமம் இருக்கிறதா என்று மலர் வேலைக்கு முன்னால் அதைப் பாருங்கள்.

சமய நிறுவனத்தின் நிர்வாகத்திலோ பணியிலோ இருப்பவர் அங்கே ஒரு குழந்தையிடம் இந்தக் குற்றத்தைச் செய்தால் போக்சோ அதைத் தீவிரக் குற்றம் என்று தனியாகப் பிரிக்கிறது. வன்புணர்வு என்றால், 2019 திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தபட்ச தண்டனையே 20 வருடம். கேரளத்தில் கொட்டியூர் வழக்கில் பங்குத்தந்தை ஒருவர் 2019இல் தண்டனை பெற்றார். அந்த வழக்கு 2017இல் வெளியே வந்தபோது, பழியைத் தன் மேல் போட்டுக்கொள்ள முன்வந்தவர் பெண்ணின் தகப்பனார். ஒரு குடும்பத்தை அந்த அளவுக்குக் கொண்டுபோய் நிறுத்துகிற மரியாதையும் பயமும் நம் ஊர்ப் பங்குகளிலும் உண்டு. இதையெல்லாம் மலரில் போட வேண்டாம். பேரவையில் யாராவது மறுபடி கொதித்தால் வாயால் சொல்லுங்கள்.

பக்கம் தயாரானதும், அச்சகத்துக்குப் போகும் முன், பங்கில் ஏழாம் வகுப்பு படிக்கிற பிள்ளை ஒன்றிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். புரியாத வரியை அடித்துவிடுங்கள். பிறகு அதில் இருக்கும் எண்கள் ஒவ்வொன்றுக்கும் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் நீங்களே போன் போட்டுப் பாருங்கள், யாராவது எடுக்கிறார்களா என்று.